பை-ஹோல்: ஒன்றரை வருடம் ஓட்டிய பிறகு

பை-ஹோல் என்பது வீட்டுக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருள். தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் ஐபி எண்ணைச் சொல்லும் வேலைக்கு டிஎன்எஸ் என்று பெயர், அந்த வேலையைச் செய்துகொண்டே விளம்பரத்தின் பெயர்களை இது தடுத்துவிடும். இதைப் பற்றி எழுதுகிற எல்லோரும் விளம்பரம் நிற்கிறதா இல்லையா என்றுதான் எழுதுகிறார்கள். நிற்கிறது, சரி. யூடியூப் விளம்பரம் மட்டும் நிற்காது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வீடியோ வருகிற அதே பெயர்களிலிருந்தே விளம்பரமும் வருவதால் பெயரை வைத்து இரண்டையும் பிரிக்க வழியில்லை. ஆனால் நான் இதை வீட்டில் வைத்திருக்கும் காரணம் வேறு. எங்கள் வீட்டில் "நெட் இருக்கு, ஆனா எதுவும் திறக்கல" என்று ஒரு நோய் ரொம்ப நாளாக இருந்தது. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது இந்தப் பெட்டி வந்த பிறகுதான்.

நோயின் லட்சணம் இதுதான். சாயங்காலம் ஏழரை, எட்டு மணி ஆனால் போதும். வாட்ஸ்அப் மெசேஜ் போகும், வரும், ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் படம் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் புதிதாக ஒரு தளத்தைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். நெட் கம்பெனிக்கு போன் பண்ணினால் "ரவுட்டரை ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க சார்" என்பார்கள். பண்ணினால் சரியாகும், இரண்டு நாளில் திரும்ப வரும். வீட்டுக்கு வந்த நெட்காரத் தம்பி ஸ்பீடு டெஸ்ட் எடுத்துக் காட்டினார், வேகம் முழுசாக இருந்தது, புகாரை மூடிவிட்டுப் போய்விட்டார். அவர் மேலும் தப்பில்லை, அவர் வந்தது காலை பதினொரு மணிக்கு.

ஒரு நாள் எட்டு மணிக்கு லேப்டாப்பை எடுத்து உட்கார்ந்தேன். கமாண்ட் பிராம்ப்டில் கூகுளின் பொது டிஎன்எஸ் எண்ணான 8.8.8.8-க்கு பிங் போட்டேன், அதாவது ஆள் இருக்கிறாரா என்று தட்டிப் பார்த்தேன், பதில் சட்டென்று வந்தது. ஒரு செய்தித்தளத்தின் பெயரைப் போட்டு பிங் பண்ணினேன், அப்படி ஒரு ஆளே இல்லை என்றது. அதாவது ரோடு நன்றாகவே இருக்கிறது, வழி சொல்கிற ஆள்தான் தூங்கிவிட்டார். அடுத்து, பெயருக்கு எண் என்ன என்று கேட்கும் என்எஸ்லுக்அப் கட்டளையை அடித்து அதே பெயரைக் கொடுத்தேன், 192.168.1.1, அதாவது ரவுட்டர், பதில் தரவில்லை, நேரம் முடிந்தது என்று வந்தது. அதே கட்டளையில் பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டு, கிளவுட்ஃப்ளேரின் பொது டிஎன்எஸ் எண்ணான 1.1.1.1-ஐச் சேர்த்தேன். அப்படிச் சேர்த்தால் ரவுட்டரை விட்டுவிட்டு நேராக அங்கே கேட்கும். உடனே விடை வந்துவிட்டது. ஆக, குற்றவாளி ரவுட்டர்தான். வீட்டில் உள்ள எல்லா கருவியும் பெயரை ரவுட்டரிடம்தான் கேட்கிறது, ரவுட்டர் அதை வாங்கி மேலே அனுப்பிப் பதிலைத் திருப்பித் தருகிறது. அந்தச் சின்னக் கடைப்பையன் வேலைதான் கூட்ட நேரத்தில் படுத்துவிடுகிறது. வாட்ஸ்அப் ஏன் ஓடியது என்றால், அது ஏற்கனவே போட்ட இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தது, புதிதாகப் பெயர் கேட்கவேண்டிய தேவை அதற்கு வரவில்லை.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்று சொல்லவேண்டும். உங்கள் வீட்டிலும் இதே கதை என்றால் பை-ஹோல் தேவையே இல்லை. ரவுட்டர் பக்கத்துக்குள் போய் டிஹெச்சிபி (கருவிகளுக்கு ஐபி எண் ஒதுக்கும் வேலை) பகுதியில் டிஎன்எஸ் என்று இருக்கும் கட்டத்தில் 1.1.1.1, 1.0.0.1 என்று போட்டுவிட்டால் பெரும்பாலான வீடுகளுக்குக் கதை முடிந்தது. இலவசம், அஞ்சு நிமிஷ வேலை. நான் அப்படி விடாததற்குக் காரணம் கை அரிப்பு. மேஜை இழுப்பறையில் 2016-இல் வந்த ரேஸ்பெர்ரி பை 3 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று, 1 ஜிபி ராம், சும்மா கிடந்தது.

நிறுவுவது பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காசு கிடையாது, திறந்த மூலம், ஒரே ஒரு கட்டளை, நாலைந்து கேள்வி கேட்கும், முடிந்தது. அந்தப் பைக்கு ரவுட்டரில் ஒரு நிரந்தர ஐபி ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் அதற்கு வேறு எண் கிடைத்து மொத்த வீடும் நிற்கும். பழைய போன் சார்ஜரைச் செருகாதீர்கள், 2.5 ஆம்பியர் தரும் சார்ஜர் வேண்டும். வைஃபையில் ஓட்டாமல் கேபிள் போட்டு ரவுட்டரோடு இணையுங்கள். அவ்வளவுதான்.

உள்ளே இருப்பது சைமன் கெல்லி எழுதிய டிஎன்எஸ்மாஸ்க் என்ற பழைய, நம்பகமான மென்பொருளின் திருத்திய வடிவம். கூட ஒரு தடைப்பட்டியல், அதில் லட்சத்துக்கு மேல் பெயர்கள். பட்டியலில் உள்ள பெயரை யாராவது கேட்டால் 0.0.0.0 என்று பதில் சொல்லி அனுப்பிவிடும், மற்றதை மேலே கேட்டுச் சொல்லும், கேட்டதைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்துப்போனது குவரி லாக் என்ற பக்கம். எந்தக் கருவி, எத்தனை மணிக்கு, எந்தப் பெயரைக் கேட்டது, யார் பதில் சொன்னது, எத்தனை மில்லிசெகண்டில் வந்தது, எல்லாம் வரிசையாக ஓடும். டிவி யாரும் பார்க்காத நேரத்திலும் எத்தனை பேரிடம் பேசிக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நெட்டில் ஏதாவது கோளாறு என்றால் இப்போது நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: அந்தக் கருவி கேட்ட பெயர் லாக்கில் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் பதிலைப் பார்க்கலாம். இல்லையென்றால் அந்தக் கருவி வேறு யாரிடமோ கேட்கிறது. பாதி வேலை அதிலேயே முடிகிறது.

லாக்கில் இல்லாமல் போவதற்கு எத்தனை காரணம் இருக்க முடியும் என்று நான் ஒவ்வொன்றாகப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் என் சொந்தக் கைங்கரியம். ரவுட்டரில் டிஎன்எஸ் கட்டம் இரண்டு இடத்தில் இருக்கும், வெளிப்பக்கம் ஒன்று, வீட்டுப்பக்கம் ஒன்று. நான் வெளிப்பக்கக் கட்டத்தில் பையின் எண்ணைப் போட்டுவிட்டேன். வேலை செய்தது, அதுதான் ஆபத்து. ஆனால் லாக்கில் வீட்டில் உள்ள பதினேழு கருவிக்கும் ஒரே பெயர், ரவுட்டர். யார் கேட்டது என்று தெரியவில்லை. அதைவிட மோசம், பை-ஹோலில் ஒரு கருவி 60 விநாடிக்குள் 1000 கேள்விக்கு மேல் கேட்டால் அதை நிறுத்திவைக்கும் கட்டுப்பாடு இயல்பாகவே இருக்கிறது. தனித்தனிக் கருவிக்கு அது தாராளம். பதினேழு பேரும் ஒரே முகமூடி போட்டுக்கொண்டு வந்தால்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாருக்கும் நெட் நின்றது, பத்து இருபது விநாடியில் வந்தது, திரும்ப நின்றது. டயக்னாசிஸ் பக்கத்தில் காரணம் எழுதியே இருந்தது. வீட்டுப்பக்கக் கட்டத்தில் எண்ணை மாற்றிப் போட்டதும் தீர்ந்தது.

அடுத்தது எல்லோரும் செய்கிற தப்பு. வீட்டுப்பக்கத்திலேயே டிஎன்எஸ் கட்டம் இரண்டு இருக்கிறதே, ஒன்று காலியாக இருந்தால் மனசு கேட்காது, "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டாவதில் 8.8.8.8 போட்டுவிடுவோம். இரண்டாவது என்றால் ஸ்டெப்னி மாதிரி, முதலாவது பஞ்சரானால்தான் வெளியே வரும் என்று நினைப்பு. அப்படி இல்லை. பல கருவிகள் இரண்டையும் சமமாகவே பாவிக்கும், சில ஒருமுறை இரண்டாவதுக்குத் தாவினால் அங்கேயே தங்கிவிடும். விளைவு, விளம்பரம் சில நேரம் வரும், சில நேரம் வராது, வீட்டுக்குள் வைத்த பெயர் சில நேரம் திறக்கும், சில நேரம் திறக்காது. எப்போதும் உடைந்து கிடப்பதைக்கூடச் சரி பண்ணிவிடலாம், சில நேரம் மட்டும் உடைவதைப் போல எரிச்சல் வேறில்லை. இரண்டாவது வேண்டுமென்றால் இரண்டாவது பை-ஹோல் வையுங்கள், இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். மேலே கேட்கும் சர்வர்களுக்கும் இதே விதிதான். குவாட்9 என்ற பொது டிஎன்எஸ்ஸான 9.9.9.9 தீங்கான தளங்களின் பெயருக்குப் பதில் சொல்லாது, 1.1.1.1 சொல்லும். இரண்டையும் கலந்து வைத்தால் யார் முந்துகிறாரோ அவர் பேச்சுத்தான் செல்லும். நான் 9.9.9.9 மட்டும் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது ஐபிவி6, அதாவது புதிய வகை ஐபி முகவரி. இதில்தான் முழுசாக ஒரு வாரம் போனது. எல்லாம் சரியாகப் போட்டிருந்தும் என் மனைவியின் லேப்டாப் லாக்கில் அபூர்வமாகத்தான் தென்பட்டது. என்எஸ்லுக்அப் போட்டால் மேலே இரண்டு வரி வரும், யாரிடம் கேட்கிறேன் என்று அதில் எழுதியிருக்கும். நாம் அதைப் படிப்பதே இல்லை, கீழே விடைக்குத் தாவிவிடுவோம். அதில் எஃப்இ80 என்று தொடங்கும் நீளமான முகவரி. அதாவது பழைய ஐபி வழியில் பையின் எண்ணைக் கொடுத்த அதே ரவுட்டர், ஐபிவி6 வழியில் "நானும் டிஎன்எஸ் சொல்வேன், என்னிடம் வா" என்று தனியாக அறிவித்துக்கொண்டிருந்தது. கம்பெனி கொடுத்த ரவுட்டரில் அதை நிறுத்தும் வசதி இல்லை. கடைசியில் பரணில் கிடந்த என் சொந்த ரவுட்டரை எடுத்துத் துடைத்து, கம்பெனிப் பெட்டியை வெறும் பாலமாக (இணைப்பைக் கடத்துவது மட்டும்தான் வேலை) மாற்றச் சொல்லி நெட்காரத் தம்பியிடம் கெஞ்சினேன். தம்பி நல்ல பையன், செய்துகொடுத்தார். "எதுக்கு சார் இவ்வளவு" என்று கேட்டார், எனக்கும் பதில் தெரியவில்லை.

மகள் போனில் வேறு கதை. வீட்டுப் படங்கள் எல்லாம் இருக்கும் பெட்டியின் பெயர் அவள் போனில் மட்டும் திறக்கவில்லை. ஆண்ட்ராய்டு 9-இலிருந்து ப்ரைவேட் டிஎன்எஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதில் ஒரு சர்வரின் பெயரைக் கொடுத்துவிட்டால் போன் வீட்டு டிஎன்எஸ்ஸை எட்டிக்கூடப் பார்க்காது, மறைகுறியாக்கி நேராக அங்கே போய்விடும். யாரோ தோழி சொன்னாள் என்று எப்போதோ போட்டிருக்கிறாள், மறந்தும் போய்விட்டாள். ஆட்டோமேட்டிக் என்று மாற்றியதும் சரியானது. பிரவுசரில் இருக்கும் செக்யூர் டிஎன்எஸ் அமைப்பும் இதே வம்சம். பிங் பண்ணினால் கிடைக்கிறது, பிரவுசரில் மட்டும் கிடைக்கவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். ஆபீஸ் விபிஎன் போட்டிருந்தாலும் அப்படித்தான், அது வந்ததும் வீட்டுப் பெயர்கள் மறைந்துவிடும், அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது.

வீட்டுப் பெயர்கள் என்றதும் இன்னொன்று. பை-ஹோலில் லோக்கல் டிஎன்எஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதில் பிரிண்டர், படப்பெட்டி என்று வீட்டுக் கருவிகளுக்கு நாமே பெயர் வைக்கலாம். பெயரின் வாலில் டாட் லோக்கல் என்று வைக்காதீர்கள். அந்த வால் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு உரியது. அது எந்த சர்வரிடமும் கேட்காமல் "இந்தப் பெயர்க்காரர் யாருப்பா" என்று வீடு முழுக்கக் கூவிக் கேட்கிற முறை. நீங்கள் சர்வரில் பெயரை எழுதிவைத்தாலும் பல கருவிகள் சர்வரிடம் வராது, தெருவில் கூவிக்கொண்டிருக்கும். வீட்டுக்கென்றே முறைப்படி ஒதுக்கிய வால் ஒன்று 2018-இலிருந்து இருக்கிறது, ஹோம்.ஆர்ப்பா. கேட்க ஒரு மாதிரி இருந்தாலும் சண்டை வராது. வால் இல்லாமல் வெறும் பெயரை மட்டும் அடிப்பதையும் விட்டுவிடுங்கள், விண்டோஸ் வாலைத் தானே ஒட்டிக்கொள்ளும், எல்லா போனும் அப்படிச் செய்யாது.

இதில் நான் முட்டாளானது தனிக்கதை. படப்பெட்டிக்கு ஹோம்.ஆர்ப்பா வால் போட்டுப் பெயர் வைத்தேன், எல்லாக் கருவியிலும் திறந்தது, என் லேப்டாப்பில் மட்டும் இல்லை. என்எஸ்லுக்அப் சரியான எண்ணைச் சொல்கிறது, பிங் வேறு எண்ணுக்குப் போகிறது. கேச் துடைத்தேன், ரீஸ்டார்ட் பண்ணினேன், பை-ஹோலைத் திட்டினேன். என்எஸ்லுக்அப் நேராக சர்வரிடம் கேட்கும், பிங்கும் பிரவுசரும் அதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் உள்ள ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பைப் பார்க்கும். போன ரவுட்டர் காலத்தில் இதே பெயரை அந்தக் கோப்பில் ஒரு வரியாக நானே எழுதி வைத்திருந்தேன், பழைய எண்ணோடு. டிஎன்எஸ் வருவதற்கு முன்னால், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தில், மொத்த வலையின் பெயர்களும் இப்படி ஒரே கோப்பில்தான் இருந்தன, ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் கையால் திருத்தி வைத்திருந்தார்கள். தாங்காமல் போய்த்தான் 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். அந்தக் கோப்பின் வாரிசு இன்னும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்துகொண்டு முதல் மரியாதை வாங்கிக்கொண்டிருக்கிறது.

இனி பெரிய விபத்துக்கு வருகிறேன். ஊர்த் திருவிழாவுக்குப் பதினோரு நாள் போனோம், போகும்போது மெயினையே அணைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து போட்டால் எதுவும் திறக்கவில்லை. பை எரிகிறது, டாஷ்போர்டு வருகிறது, கேள்விகள் லாக்கில் விழுகின்றன, எல்லாவற்றுக்கும் எதிரே போகஸ் (போலி) என்று ஒரு சொல். 9.9.9.9-க்கு பிங் போகிறது, லேப்டாப்பிலிருந்து நேராக அங்கே கேட்டால் விடையும் வருகிறது, பை மட்டும் வந்த பதிலை ஏற்க மறுக்கிறது. அரை மணி நேரம் லாக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இருந்த தேதி கண்ணில் பட்டது. நாங்கள் ஊருக்குக் கிளம்பிய தேதி.

ரேஸ்பெர்ரி பை 3-இல் பேட்டரி போட்ட கடிகாரம் கிடையாது. (பை 5-இல் கடிகாரம் வந்துவிட்டது, பேட்டரியை நாம்தான் தனியாக வாங்கிச் செருகவேண்டும்.) கரண்ட் போனால் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து மறுபடி தொடங்கும், பிறகு இணையத்தில் நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளும். நான் டிஎன்எஸ்செக் என்ற சரிபார்ப்பை வேறு போட்டு வைத்திருந்தேன், அது இயல்பாக அணைந்துதான் இருக்கும், நான்தான் பெருமைக்காகப் போட்டேன். அந்தச் சரிபார்ப்பில் ஒவ்வொரு பதிலோடும் ஒரு கையெழுத்து வரும், அந்தக் கையெழுத்துக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. பையின் கணக்கில் இன்னும் பதினோரு நாள் பழைய தேதி, ஆகவே வருகிற கையெழுத்தெல்லாம் எதிர்காலத்தில் போட்டது, ஆகவே போலி. சரி, நேரத்தைத் திருத்திக்கொள்ளவேண்டியதுதானே? நேர சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்க அது தன்னிடமே டிஎன்எஸ் கேட்கிறது. அந்தப் பதிலும் போலி. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய மாதிரி. தேதியைக் கையால் மாற்றியதும் உயிர் வந்தது. அப்புறம் பை தன் சொந்தத் தேவைக்கு மட்டும் வெளியில் உள்ள 1.1.1.1-இடம் கேட்கும்படி மாற்றிவிட்டேன், அதற்குப் பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஒரு மணி, இரண்டு மணி நேர மின்வெட்டில் இது வராது, நாள் கணக்கில் அணைத்து வைத்தால்தான் வரும், அதனால்தான் அத்தனை மாதம் தெரியவில்லை.

குறை என்று சொல்ல மிச்சம் இருப்பது வீட்டு அரசியல். தேடினால் மேலே முதலில் வருவது விளம்பர இணைப்புத்தான், அம்மா எப்போதும் முதலில் இருப்பதைத்தான் தொடுவார், அது திறக்காது. "உன் பெட்டி வந்ததிலிருந்து ஒண்ணும் வேலை செய்யல" என்பார். அம்மா போனை மட்டும் தடைப்பட்டியல் இல்லாத தனிக் குழுவில் போட்டேன், அந்த வசதி இருக்கிறது. தள்ளுபடி மெசேஜில் வரும் குட்டி இணைப்புகளும் அடிக்கடி அடிபடும். யாராவது அவசரம் என்றால் டாஷ்போர்டில் அஞ்சு நிமிஷம் தடையை நிறுத்திவைக்கலாம். கூடுதல் தடைப்பட்டியல்களை ஆசைப்பட்டு ஏற்றாதீர்கள், இயல்பாக வரும் ஒன்றே போதும்.

2025 பிப்ரவரியில் வந்த ஆறாம் பதிப்பில் வெப் சர்வரையும் உள்ளேயே சேர்த்துவிட்டார்கள், முன்பு தனியாக ஓடிய லைட்டிபிடியும் பிஹெச்பியும் தேவையில்லை, அமைப்புகள் எல்லாம் ஒரே கோப்புக்கு வந்துவிட்டன. பழைய பையில் பக்கம் முன்பைவிடச் சுறுசுறுப்பாகத் திறக்கிறது. பழைய பதிப்புக்கு எழுதிய குறிப்புகளில் உள்ள சில கட்டளைகள் இப்போது செல்லாது, அது மட்டும் கவனம். அஞ்சுக்கு நாலு மதிப்பெண் கொடுப்பேன். அந்த ஒன்று எதற்குக் குறைந்தது என்றால், இதை வைத்த நாளிலிருந்து வீட்டில் நெட் நின்றால் நெட் கம்பெனியை யாரும் திட்டுவதில்லை.

போன மாதம் நான் வெளியூரில் இருந்தபோது எஸ்டி கார்டு செத்துப்போனது. மனைவி போன் பண்ணி, "ஏங்க, மறுபடி எதுவும் திறக்கல, உங்க பெட்டியில பச்சை லைட்டும் மினுக்கல" என்றாள். அப்பாவின் போனில் ஸ்பீக்கரைப் போட்டு, ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, எந்தக் கட்டம், எந்த எண் என்று நான் சொல்லச் சொல்ல அவள் அடித்து முடிக்க இருபத்தைந்து நிமிஷம் ஆனது. ஊருக்குத் திரும்பியதும் ரவுட்டரின் முதுகில் ஒரு காகிதம் ஒட்டினேன். ரவுட்டர் பக்கத்தின் முகவரி, கடவுச்சொல், "வீட்டுப்பக்க டிஎன்எஸ்: 1.1.1.1 என்று மாற்றவும், பிறகு எல்லாப் போனிலும் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடவும்" என்று தமிழில் பெரிய எழுத்தில். அப்பா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, கீழே தன் கையால் நெட்காரத் தம்பியின் போன் நம்பரையும் எழுதி வைத்திருக்கிறார்.